அட்டன்ல நடக்குற ஒலி மாற்ற வகுப்பு: முழுசா போய் முடிச்ச ஒருத்தியோட ரிவியூ

மொதல்லயே மார்க்க சொல்லிடுறேன். அஞ்சுக்கு நாலரை. அரை ஏன் கொறைச்சேன்னு கீழ சொல்றேன், ஆனா போகலாமா வேணாமான்னு மட்டும் பாக்க வந்தவங்களுக்கு பதில் இதுதான்: போங்க, தமிழ் மேல கொஞ்சமாவது ஆசை இருந்தா கட்டாயம் போங்க.

என்ன வகுப்புன்னா, ஞாயித்துக்கெழம மத்தியானம் இலங்கை மலையகத்துல இருக்குற அட்டன் டவுன்ல ஒரு கடைக்கு மேல் மாடியில நடக்குது, வரலாற்று மொழியியல்ல, அதாவது மொழிகள் காலப்போக்குல எப்படி மாறுதுன்னு பாக்குற படிப்புல, ஒரே ஒரு விசயம், ஒலி மாற்றம் ஒழுங்கா நடக்குமா நடக்காதா, அதை மட்டும் எடுத்து வாரா வாரம் தோண்டுறாங்க. ஏ எல் (உயர்தரப் பரீட்சை) பிள்ளைங்க, ரெண்டு மூணு டீச்சர்மார், கம்பஸ் போக காத்திருக்கிறவங்க, த்ரீவீல் ஓட்டுற ஒரு அண்ணன் கூட வந்தாரு. மாசக்காசு ஒரு ஏ எல் பாட டியூஷனுக்கு வாங்குறத விட கொறைவுதான், போட்டோ கொப்பிக்கு தனியா சல்லி கேக்கல. சேர் பேரை இங்க போடல, அவருக்கு அது பிடிக்காது.

மத்த கிளாஸ் மாதிரி வரைவிலக்கணம் எழுத சொல்லி ஆரம்பிக்கல. போர்ட்ல சதுர்த்தி, பஞ்சமி, சஷ்டி, சப்தமி, அஷ்டமி, நவமி, தசமின்னு திதியெல்லாம் வரிசையா எழுதிட்டு, நீங்க பஸ்ல தெனம் கேக்குற சிங்கள எண்ணை இதுக்கு பக்கத்துல எழுதுங்கன்னாரு. எழுதினோம். சதுர்த்திக்கு ஹதர, பஞ்சமிக்கு பஹ, சஷ்டிக்கு ஹய, சப்தமிக்கு ஹத, அஷ்டமிக்கு அட, நவமிக்கு நமய, தசமிக்கு தஹய. கண்டக்டர் வாயில இருந்து தெனம் கேட்டு பழகின எண்ணுதான், கோயில் கலண்டர்ல தெனம் பாக்குற திதிதான், ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு இதுவரைக்கும் யாரும் காட்டினது இல்ல. சமஸ்கிருதத்துல ச, ஷ, ஸன்னு தனித்தனியா இருந்த சத்தமெல்லாம் சிங்களத்துல மொதல்ல ஸ-வா சேர்ந்து, பெறகு அந்த ஸ ஹ-வா போச்சு. இடையில ஸ இருந்ததுக்கு சாட்சி சிங்கள இலக்கிய நடையிலயே கெடக்கு, அங்க நாலுக்கு ஸதர, ஏழுக்கு ஸத, பத்துக்கு தஸன்னு இன்னைக்கும் எழுதுறாங்க.

அதோட விட்டிருந்தா சாதாரண கிளாஸ். அப்புறம்தான் கேள்வி வந்துச்சு, அஷ்டமியிலயும் ஷ இருக்கே, அது ஏன் அஹட ஆகாம வெறும் அட ஆச்சுன்னு முன் வரிசையில ஒரு தங்கச்சி கேட்டுச்சு. சேர் மொகத்துல அப்ப வந்த சந்தோசத்த பாக்கணும். ஷ்ட-ன்னு மெய்யோட மெய் ஒட்டி நின்ன எடத்துல ஷ முன்னாடியே ட-வோட கரைஞ்சு ட்ட ஆயிடுச்சு, ஸ ஹ-வா மாறுற காலம் வந்தப்ப அங்க மாறுறதுக்கு ஸ-வே இல்ல, அதனால விதிய அந்த சொல் மீறல, விதி வர்றதுக்கு முன்னாடியே அது வேற வழி போயிடுச்சு. அடுத்து அவரே ஒன்னு கேட்டாரு, அஞ்சுக்கு பஹ, அப்ப அஞ்சாவதுக்கு? நம்ம எல்லாருக்கும் தெரியும், பஸ்வெனி. அங்க ஸ அப்படியே நிக்குது. ஏன்னா அதுக்கு பின்னாடி உயிர் இல்ல, மெய்தான் வருது, உயிருக்கு முன்னாடி நின்ன ஸ-தான் ஹ ஆகும். அஞ்சு பேருக்கு பஸ் தெனான்னு சொல்றதும் அதே கணக்கு. ஒரே எண்ணு, ரெண்டு உருவம், ரெண்டும் ஒரே விதியில இருந்து வருது. சிங்கள ஒலிகளோட வரலாற வில்ஹெல்ம் கைகர்ங்கிற ஜேர்மன் அறிஞர் முறையா எழுதி வச்சிருக்காரு, அவரோட சிங்கள இலக்கணம் 1938ல கொழும்புலயே அச்சாச்சு.

நமய மட்டும் சரியா ஒக்காரல. நவ-வுல இருக்குற வ எப்படி ம ஆச்சு? போர்டோட வலது ஓரத்துல ஒரு கோடு போட்டு "மிச்சம்"னு தலைப்பு எழுதி அதுக்கு கீழ நமய-வ வச்சாரு. இந்த மிச்சப் பட்டியல்தான் இந்த வகுப்போட உயிர்னு நான் நெனைக்கிறேன். கடைசி வாரம் வரைக்கும் அதை அழிக்கவே இல்ல. விதிக்குள்ள வராத சொல் எது வந்தாலும் அங்க போகும், காரணம் கெடைச்சா வெட்டுவாரு, கெடைக்காட்டி அங்கயே இருக்கும். விதிவிலக்குன்னு ஒரு வார்த்தை சொல்லி மூடி வச்சிட்டு அடுத்த பாடத்துக்கு ஓடுற டீச்சர்மாரத்தான் நம்ம நிறைய பாத்திருக்கோம்.

மிச்சத்துக்கு ஏன் இவ்வளவு மரியாதைன்னா, இந்தத் துறையே அப்படித்தான் வளந்திருக்கு. 1822ல யாக்கோப் கிரிம் ஜேர்மானிய மொழிகள்ல (ஜேர்மன், இங்கிலீஷ் எல்லாம் சேர்ந்த குடும்பம்) மெய்கள் எப்படி வரிசையா இடம் மாறுச்சுன்னு எழுதினாரு, டென்மார்க்குல ராஸ்க் 1818லயே அதுல பெரும் பகுதிய கண்டிருந்தாரு. ஆனா சில சொல் ஒத்து வரல. சமஸ்கிருதத்துல பிதா, ப்ராதா ரெண்டோட அடியிலயும் த தான், ஜேர்மன்ல அப்பாவுக்கு ஃபாட்டர், சகோதரனுக்கு ப்ரூடர், ஒன்னுல அழுத்தமான ட்ட (t), மத்ததுல மெதுவான ட (d). அம்பது வருசத்துக்கு மேல இது விதிவிலக்காவே கெடந்துச்சு. 1877ல கார்ல் வெர்னர்ங்கிற டென்மார்க் ஆள் எழுதின கட்டுரை வந்துச்சு, வேத சமஸ்கிருதத்துல அழுத்தம் எந்த அசையில விழுதுன்னு பாருங்க, பிதாவுல ரெண்டாவது அசை, ப்ராதாவுல மொதல் அசை, அந்த வித்தியாசம்தான் ஜேர்மானிய மொழிகள்ல மெய்ய பிரிச்சு விட்டிருக்குன்னு காட்டினாரு. விதிவிலக்குக்கே ஒரு விதி. இந்த மாதிரி வெற்றிகள பாத்துத்தான் 1878ல ஜேர்மனியோட லைப்சிக்ல ஓஸ்டாஃப், புருக்மான் ரெண்டு பேரும் ஒலி மாற்றம் விதிவிலக்கு இல்லாம நடக்கும்னு தைரியமா எழுதினாங்க, அவங்களுக்கு முன்னாடியே லெஸ்கீன் 1876ல அதே கருத்த சொல்லியிருந்தாரு. ஐரோப்பா கதைய சேர் இவ்வளவோட நிறுத்திட்டாரு, நல்லதுதான், அந்தப் பேரெல்லாம் மனப்பாடம் பண்ண நாங்க போகல.

பெறகு வந்த வாரங்கள் நம்ம பேச்சு. இதுக்காகத்தான் இந்த ரிவியூவே எழுதுறேன்.

தேயிலைத் தோட்டத்துல மேனேஜர பெரிய தொரைம்போம். துரைன்னு எழுதுவோம். இலைய எல, விலைய வெல, குடைய கொட, புகைய பொக, விறக வெறகு, முகத்த மொகம், உரல ஒரல்னு சொல்லுவோம். பள்ளிக்கூடத்துல இதுக்கெல்லாம் சிவப்பு பேனால கோடு விழும், வாய் சரியில்லாத சனம் பேசுறதுன்னு ஒரு பார்வை வேற. பேரு சொல்ல வேணாம், நான் படிச்ச எடத்துல தோட்டப் பேச்சு பேசினதுக்காக பிள்ளைகள எழுப்பி நிக்க வச்சிருக்காங்க. சேர் என்ன செஞ்சாருன்னா எங்க பேச்ச எங்களையே எழுத சொன்னாரு, வீட்டுல அம்மாச்சி, அப்பாயி என்ன சொல்றாங்களோ அதை அப்படியே எழுதிட்டு வாங்கன்னாரு. அடுத்த வாரம் போர்ட் நெறைஞ்சு போச்சு.

இப்ப பாருங்க. துரை தொரை ஆகுது, ஆனா துணி தொணி ஆகுதா? ஆகாது. குடை கொட ஆகுது, குடி கொடி ஆகாது. புகை பொக, புளி பொளி இல்ல. அடுத்த அசையில அ-வோ ஆ-வோ ஐ-யோ இருந்தாத்தான் முன்னாடி இருக்குற இ எ-வாவும் உ ஒ-வாவும் எறங்கும், நாக்கு அடுத்த உயிருக்கு எறங்கப்போறத முன்கூட்டியே செய்யுது. சரி, அப்ப முட்டை? குப்பை? சுத்தம்? கிட்ட? இதுல எல்லாம் அடுத்தது அ, ஐதான், ஆனாலும் யாரும் கொப்பைன்னு சொல்லல. ஏன்னா நடுவுல மெய் ரெட்டிச்சு நிக்குது, ஒத்தை மெய்யா இருந்தாத்தான் அடுத்த உயிரோட இழுப்பு எட்டும். த்ரீவீல் அண்ணன் அன்னைக்கு மூச்சு விடாம சொல் சொல்லா எடுத்துப் போட்டாரு, உலகம் ஒலகம், உப்பளம் அப்படியே, குணம் கொணம், குற்றம் குத்தம், நிலா நெலா, நிச்சயம் அப்படியே. அவ்வளவு சொல் விழுந்தும் அந்த ரெண்டு நிபந்தனையும் ஆடல.

எழுதப் படிக்கவே தெரியாத கெழவி ஒருத்தி, ரெட்டிச்ச மெய் எங்க இருக்கு ஒத்தை மெய் எங்க இருக்குன்னு பாத்து பாத்து, வாழ்நாள் பூரா ஒரு தடவ கூட தவறாம பேசியிருக்கா. அதைப் போய் கொச்சைன்னு சொன்னவங்களுக்கு இந்த விதி தெரியாது, அவளுக்கு தெரியும். எனக்கு அன்னைக்கு தொண்டை அடைச்சுக்கிச்சு, உண்மையா சொல்றேன்.

அதோட சேர் கன்னடத்த பக்கத்துல எழுதினாரு. கன்னடத்துல இலைக்கு எலெ, விலைக்கு பெலெ, குடைக்கு கொடெ, புகைக்கு ஹொகெ. எழுத்துத் தமிழ்ல இ, உ இருக்குற எடத்துல எல்லாம் நம்ம தோட்டப் பேச்சு மாதிரியே அங்கயும் எ, ஒ. ஹொகெ-யில மொதல்ல ஹ வந்தது இன்னொரு விதி, பழைய கன்னடத்துல சொல் மொதல்ல இருந்த ப எல்லாம் காலப்போக்குல ஹ ஆச்சு, பால் ஹாலு, பல் ஹல்லு, புலி ஹுலி, பெண் ஹெண்ணு, பத்து ஹத்து. ஆனா இருபதுக்கு இப்பத்து! அங்க ப மொதல்ல இல்ல, நடுவுல இருக்கு, அதனால தப்பிச்சிருச்சு. ஹத்து, இப்பத்து ரெண்டையும் ஒரு கோட்டுல எழுதிட்டு சேர் ஒன்னுமே பேசாம எங்கள பாத்தாரு, பின்னாடி பெஞ்சுல இருந்து ஆஹ்னு சத்தம் வந்துச்சு.

அடுத்தது புள்ள, புடி, பொண்ணு, பொட்டி. பிள்ளை, பிடி, பெண், பெட்டி. முன்னாடி ப, ம மாதிரி ஒதடு ஒட்டுற எழுத்து, பின்னாடி ட, ண, ள, ழ மாதிரி நாக்கு மடங்குற எழுத்து, நடுவுல மாட்டின குறில் இ-யும் எ-யும் ஒதடு குவிஞ்சு உ, ஒ ஆகும். பிச்சை, மிச்சம், பெரிய இதெல்லாம் மாறாது, பின்னாடி நாக்கு மடங்கல. ற-வும் சில எடத்துல கூட்டு சேரும், பொறந்த நாள்னு சொல்றோம் இல்லையா. மிட்டாய் வடக்க இருந்து வந்த சொல், அதுவும் முட்டாய் ஆச்சு, அப்ப அந்தச் சொல் தமிழுக்குள்ள வந்த காலத்துல இந்த விதி இன்னும் உயிரோட வேலை செஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. கல்வெட்டு ஏடு எதுவும் இல்லாம ஒரு இனிப்ப வச்சே காலத்த கணக்கு போடுறாங்க! மிளகாய்ல ரெண்டு விதியும் சேந்து வேலை செஞ்சு மொளகா ஆகுது. எந்த விதி மொதல்ல நடந்துச்சுன்னு ஒரு பையன் கேட்டான், சேர் ரெண்டு வழியிலயும் போர்ட்ல செஞ்சு காட்டினாரு, மெளகா வழியா போனாலும் முளகா வழியா போனாலும் கடைசியில மொளகாதான், அதனால இந்தச் சொல்ல வச்சு வரிசைய தீர்மானிக்க முடியாதுன்னாரு. தெரிஞ்ச மாதிரி ஏதாவது ஒன்ன அடிச்சு விட்டுட்டு போயிருக்கலாம், போகல. மெட்டி ஏன் மொட்டி ஆகலன்னு ஒரு அக்கா கேட்டாங்க, அது நேரா மிச்சப் பட்டியலுக்கு போச்சு.

க-வுக்கு ச வந்த பாடமும் அருமை. தமிழ்ல செவி, கன்னடத்துல கிவி. தமிழ்ல செம்மை, கன்னடத்துல கெம்பு. செய்-க்கு பழைய கன்னடத்துல கெய். இ, எ-க்கு முன்னாடி இருந்த பழைய க தமிழ்ல ச ஆயிடுச்சு. அப்படின்னா கிளி ஏன் சிளி ஆகல, கேள், கெடு, கீழ், கிழங்கு ஏன் மாறல? எழுதிப் பாத்தா கண்ணுல அடிக்குது, எல்லாத்துலயும் பின்னாடி ள, ட, ழ. நாக்கு மடங்கப் போறதுனால முன்னாடி க மேலண்ணத்துக்கு நகர முடியாம நின்னுருக்கு. இதை 1943ல தாமஸ் பரோங்கிற மொழியியல் அறிஞர் தெளிவா காட்டினாரு, அவரும் எமனோவும் சேந்து 1961ல போட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியில இருந்து பக்கங்கள கொப்பி எடுத்து குடுத்தாங்க, நாங்களே தேடி ஜோடி சேக்கணும். கீரை, கீரி ரெண்டும் மிச்சத்துல. சேர் அந்த ரெண்டையும் சுத்தி வட்டம் போட்டு வச்சிருந்தாரு.

ஊர்ப் பேர் பாடம் லேசா ஒரு நாள் வந்துச்சு, பதுளை, வெலிமடை, பண்டாரவளை, கம்பளை, கொட்டகலைன்னு சிங்களப் பேரோட கடைசி அ தமிழ்ல ஐ ஆகுறது, மஸ்கெலியா, நுவரெலியா மட்டும் ஆகாம நிக்கிறது, டயகம அப்படியே இருக்குறது. இது ஒலி மாற்றம் கெடையாது, ஒரு மொழி இன்னொரு மொழிச் சொல்ல வாங்கிக்கிற முறை, ரெண்டையும் கொழப்பக்கூடாதுன்னு சேர் தெளிவா பிரிச்சு சொன்னாரு. பிள்ளைகளுக்கு ரொம்ப பிடிச்ச நாள் அதுதான், எனக்கு அவ்வளவா தேவைப்படல.

இனி அந்த அரை மார்க்.

ஒழுங்குக்கு எதிரா பேசினவங்களுக்கு கெடைச்ச நேரம் ரொம்ப கம்மி. ஷூஹார்ட் 1885லயே லைப்சிக் ஆட்கள எதிர்த்து எழுதினவரு, மாற்றம் ஒரே அடியா எல்லாச் சொல்லையும் தாக்காம சொல் சொல்லா பரவலாம்னு 1969ல வில்லியம் வாங் வாதம் வச்சாரு. நம்ம திராவிட மொழிக் குடும்பத்துக்குள்ளயே பெரிய சாட்சி இருக்கு, பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 1978ல எழுதினது. தெலுங்கு, கோண்டி, குயி பக்கத்துல சொல் மொதல்ல இருந்த உயிரும் அடுத்த மெய்யும் இடம் மாறுறது, தமிழ் அவன்-க்கு தெலுங்குல வாடு, உள்-க்கு லோ, இந்த மாற்றம் பல நூற்றாண்டா சொல்லுக்கு சொல் மெதுவா பரவி இன்னும் சில மொழியில முடியலன்னு அவர் காட்டினாரு. லபோவ் 1981ல ரெண்டு கட்சியும் வேற வேற வகை மாற்றத்துக்கு சரிதான்னு சமாதானம் பண்ணப் பாத்தாரு. இதெல்லாம் கடைசி நாள் அவசர அவசரமா ஓடிச்சு. மிச்சப் பட்டியல அவ்வளவு பக்குவமா வளத்துட்டு, அந்தப் பட்டியல்ல இருக்குற சொல்லெல்லாம் பாதி வழியில நின்ன மாற்றமா இருக்கலாமேங்கிற கேள்விக்கு ஒரு முழு ஞாயித்துக்கெழமய ஒதுக்கியிருக்கணும். கிருஷ்ணமூர்த்திய நம்ம பிள்ளைங்க ஓஸ்டாஃப விட நல்லா அறிஞ்சிருக்கணும்.

இன்னொன்னு, கொப்பி. அகராதிப் பக்கங்கள்ல ரோமன் எழுத்துக்கு கீழ புள்ளி போட்டு ள, ட, ண எல்லாம் காட்டுவாங்க, மங்கலா எடுத்த கொப்பியில அந்தப் புள்ளி விழவே இல்ல, புள்ளி இல்லாட்டி கிளி பாடமே போச்சு. போன்ல படம் எடுத்து குரூப்ல போட்டா கூட போதும். மழ நாள்ல தகரக் கூரை சத்தத்துல பின் பெஞ்சுக்கு எதுவும் கேக்காது, முன்னாடி எடம் புடிங்க. ஸ்வெட்டர் கொண்டு போங்க. பிளேன்டீ குடுக்குறாங்க, சூடா நல்லா இருக்கும்.

யாருக்கு ஒத்து வரும்? ஏ எல்ல தமிழ் எடுக்குற பிள்ளைகளுக்கு நேரா மார்க் கெடைக்கும்னு நம்பி அனுப்பாதீங்க, இது பரீட்சை கிளாஸ் இல்லன்னு சேரே மொத நாள் சொல்லிடுறாரு, பரீட்சையில எழுத்துத் தமிழ்தான் எழுதணும்னும் சொல்றாரு. டீச்சர்மார் கட்டாயம் போகணும், மொதல் ரெண்டு மூணு வகுப்பு பிள்ளைகளுக்கு படிப்பிக்கிறவங்க முக்கியமா. ஒரு பிள்ள எல-ன்னு எழுதினா அது எந்த விதியில இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டு இலைய சொல்லிக் குடுக்குறதுக்கும், அதட்டி திருத்துறதுக்கும் நெறைய வித்தியாசம் இருக்கு. சிங்களம் பேசுற கூட்டாளிமாரும் வந்தா நல்லா இருக்கும், எண்ணு பாடத்துக்கு அவங்க வீட்டுப் பேச்சு தேவைப்படுது.

சேர் இதை படிப்பாரு, அதனால நேரடியாவே ஒரு வேண்டுகோள். சேர், அடுத்த செட்ட தயவு செஞ்சு மத்தியானத்துக்கு முன்னாடியே ஆரம்பிங்க. பொகவந்தலாவை, மஸ்கெலியா பக்கம் மேல் தோட்டங்களுக்கு போற பொம்பள பிள்ளைங்க பஸ்ஸ விட்டுருவோம்னு பயந்து கடைசி அரை மணி நேரம் கடியாரத்தையே பாத்துக்கிட்டு இருக்காங்க, நீங்க மிச்சப் பட்டியல எடுக்குறதே அந்த அரை மணி நேரத்துலதான்.